வாசகர் கேள்வி – பதில்: உப்பு, மீன், முல்லை, நகராட்சி வரி

(கடலோரச் சிற்றூர்களும் சிறு நகரங்களும் பற்றிச் கேள்விகளை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியான வேதாரண்யம் வட்டாரத்திலிருந்தே வந்திருப்பதால், இந்த இதழின் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைப் பற்றிப் பலர் எழுதிய இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கி, சுருக்கி வெளியிடுகிறோம்.)

கேள்வி: எங்கள் வீடு நகராட்சி எல்லைக்குள் இருக்கிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊராட்சி. அவர்களும் எங்களைப் போலவே கூலி வேலைக்குத்தான் போகிறார்கள். ஆனால் அவர்களுக்கு நூறு நாள் வேலை உண்டு, எங்களுக்கு இல்லை. நாங்கள் எந்த வகையில் நகரத்தார் ஆனோம்?
– இல்லத்தரசி ஒருவர், வேதாரண்யம்

பதில்: வருமானத்தை வைத்து அல்ல, எல்லைக் கோட்டை வைத்துத்தான் நீங்கள் நகரத்தார் ஆகியிருக்கிறீர்கள். நூறு நாள் வேலைக்கு அடிப்படையான 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஊரகக் குடும்பங்களுக்கென்றே இயற்றப்பட்டது; நகராட்சி எல்லைக்குள் வசிப்பவருக்கு அதன்படி வேலை அட்டை தர இயலாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேதாரண்யத்தின் மக்கள்தொகை 34 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. கடைத்தெருவையும் கோயிலைச் சுற்றிய வீதிகளையும் கடந்துவிட்டால், தென்னந்தோப்பும் சவுக்கையும் உப்பளமுமாக இருக்கும் இந்த ஊரும், ஆலைகள் சூழ்ந்த மேற்கு மாவட்டத்து நகராட்சி ஒன்றும் அரசாணைகளின் பார்வையில் ஒரே வகைதான்.

வேலைத் திட்டம் மட்டுமல்ல, வீட்டுத் திட்டமும் இந்தக் கோட்டில்தான் பிரிகிறது. குடிசைகளுக்குப் பதிலாக 360 சதுர அடியில் வீடு கட்ட 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' ஊரகப் பகுதிக்கே உரியது. நகராட்சிக்குள் இருக்கும் குடிசைக்காரர், சொந்த மனைப் பட்டா இருந்தால், பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். கடலோரத்தில் பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இந்தப் பட்டாவில்தான். புறம்போக்கிலும் கோயில் மனையிலும் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. நகர்ப்புற ஏழைகளுக்கென ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்தையும் தமிழ்நாடு அரசு அறிவித்து, 2022இல் தேர்ந்தெடுத்த சில உள்ளாட்சிகளில் சோதனை முறையில் தொடங்கியது. அதன் அளவு நூறு நாள் வேலைக்கு ஒப்பிடக் கூடியதன்று.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏராளமான ஊராட்சிகளை அண்டையிலுள்ள நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, பல ஊர்களில் மக்கள் தெருவுக்கு வந்ததற்கு முதன்மையான காரணங்களுள் இதுவும் ஒன்று. தார்ச்சாலையும் தெருவிளக்கும் கூடுதலாக வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. வரி கூடி வேலை போகும் என்பதும் தெரிந்தே எதிர்த்தார்கள். அவர்கள் போட்ட கணக்கு சரியானது என்பதே என் கருத்து. உங்கள் பகுதி உறுப்பினர் வழியாக நகர்மன்றத்தில் தீர்மானமாகக் கேட்கத்தக்கது, நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தில் உங்கள் நகராட்சியையும் சேர்க்க வேண்டும் என்பதே. வாய்க்கால் தூர்வாருவது, மழைநீர் வடிகால் சுத்தம் செய்வது, குளக்கரையைப் பலப்படுத்துவது என்று இங்கே செய்ய வேலைக்குக் குறைவில்லை.

கேள்வி: கோடை மழை ஒரு மணி நேரம் பெய்ததால் பத்து நாள் உப்பு உற்பத்தி பாதிப்பு என்று நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். ஒரு மணி நேர மழைக்குப் பத்து நாளா? மிகைப்படுத்திச் சொல்கிறார்களா?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: மிகை இல்லை. உப்பளத்தில் நடப்பது நீரை ஆவியாக்கும் வேலை. கடல்நீரோ நிலத்தடி உவர்நீரோ முதலில் பெரிய தேக்கங்களில் ஏற்றப்பட்டு, அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திகளுக்கு மாற்றப்படுகிறது. நீரின் அடர்த்தியைப் போமே மானியால் அளக்கிறார்கள். கடல்நீர் சுமார் மூன்றரைப் பாகை காட்டும். அது 24, 25 பாகைக்கு ஏறும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. அந்த நிலைக்கு வர, ஏற்றிய நீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெயிலிலும் காற்றிலும் போயிருக்க வேண்டும். 29 பாகைக்கு மேல் விட்டுவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து கசப்பு ஏறும் என்பதால், அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிடுகிறார்கள். ஆக, வாரங்கள் காத்திருந்து அடர்த்தி ஏற்றிய நீரை ஐந்து பாகை இடைவெளிக்குள் பிடித்து நிறுத்தும் தொழில் இது.

இந்த நேரத்தில் ஓர் உழவு மழை பெய்தால் மூன்று இழப்புகள் சேர்ந்து வருகின்றன. படிந்த உப்பு கரைகிறது. பாத்தி நீரின் அடர்த்தி இறங்குகிறது. இவற்றைவிட முக்கியமாக, பாத்தியின் தரை இளகிவிடுகிறது. கால்களால் மிதித்து மிதித்து இறுக்கி வைத்த களிமண் தரை இளகினால், வாரும் பலகையோடு சேறும் எழும்பி உப்பு பழுப்பாகிவிடும். ஆகவே மழைநீரை வடித்து, தரையை மீண்டும் மிதித்து, காயவிட்டு, மறுபடி உவர்நீர் ஏற்ற வேண்டியிருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாள். மேகமூட்டம் தொடர்ந்தால் இன்னும் கூடும்.

தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்பு விளைவது வேதாரண்யத்தில்தான். அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் பகுதிகளில் சுமார் 9 ஆயிரம் ஏக்கரில் உப்பளங்கள் பரந்திருக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, வாரிக் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து போயின. கடல் கொண்டுவந்து தள்ளிய சேறு கரையோரம் நெடுகக் கிடந்தது. நெல் விவசாயிக்குப் பயிர்க் காப்பீடு உண்டு. உப்பு வேளாண்மைக் கணக்கில் வராது, தொழில் கணக்கில்தான் வரும் என்பதால், சிறு உப்பு உற்பத்தியாளருக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. விளைச்சலுக்கு வானத்தை நம்பியிருப்பதில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று உப்பளக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: கணவரும் நானும் உப்பளத்தில் வேலை செய்கிறோம். அவர் வாருவார், நான் சுமப்பேன். ஐப்பசி பிறந்தால் வேலை நின்றுவிடும். பிறகு தை, மாசிக்கு மேல்தான். குழு லோனுக்கு வாராவாரம் கட்ட வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் வட்டிக்கு வாங்கித்தான் அந்தத் தவணையையே கட்டுகிறோம். இதற்கு ஏதாவது வழி உண்டா?
– உப்பளத் தொழிலாளி, அகஸ்தியன்பள்ளி

பதில்: அம்மா, இந்த முறை வந்த கடிதங்களிலேயே முக்கியமானது உங்களுடையது. முதலில், உங்களுக்கு உரிமையானவை எவை என்று பார்த்துவிடலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வேலையில்லாக் காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5 ஆயிரம் ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதற்கு நீங்கள் உப்பளத் தொழிலாளி என்பதற்கான பதிவு தேவை. கணக்கில் பெயரில்லாமல் தினக்கூலியாகச் சென்று வருபவர்கள் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். ஆகவே தொழிலாளர் நல வாரியப் பதிவையும், அதைப் புதுப்பிப்பதையும் வேலை நடக்கும் மாதங்களிலேயே முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் அலைந்தால் வேலை நடந்ததற்குச் சான்று தர உப்பளத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

அடுத்தது குழு லோன். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகள், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கு அடமானமின்றித் தரப்படும் கடனை நுண்கடன் என்று வகுத்து, சில கட்டுப்பாடுகளை விதித்திருக்கின்றன. உங்கள் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணைகள் சேர்ந்து, மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணைக் கால இடைவெளியை அமைத்துக்கொள்ள வசதி செய்யும் கொள்கை ஒன்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும். வாராவாரம்தான் கட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி போட்ட கட்டளை அன்று என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தந்து, தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இந்த விதிகள் இருந்தும் நடைமுறை மாறாததற்கு ஒரு காரணம், கடன் வாங்கும்போது வருமானத்தை யாரும் மாதம் மாதமாகக் கேட்பதில்லை என்பதுதான். நல்ல மாதத்தின் கூலியைச் சொல்லி, அதையே பன்னிரண்டால் பெருக்கிப் படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். அடுத்த முறை குழுவில் கடன் எடுக்கும்போது, எந்த மாதங்களில் கூலி இல்லை என்பதைப் படிவத்தில் எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள். மாசி முதல் புரட்டாசி வரை சற்றுக் கூடுதலாகவும், மழை மாதங்களில் வட்டி அளவுக்கு மட்டுமாகவும் தவணை கேட்டுப் பாருங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் மறுப்பார்கள். குழுவில் பாதிப் பேர் உப்பளத்துப் பெண்களாக இருக்கும்போது சேர்ந்து கேட்பது பலன் தரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உப்பு உற்பத்தி அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 58ஆவது இனம். ஜெய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட உப்பு ஆணையர் அலுவலகம் ஒன்றிய அரசைச் சேர்ந்தது. உங்கள் நல வாரியம் மாநில அரசைச் சேர்ந்தது. உங்கள் தெருக்குழாய் நகராட்சியைச் சேர்ந்தது. நகராட்சிக் கூட்டத்தில் உப்பளக் கூலியைப் பற்றிக் கேட்டால் 'எங்கள் அதிகாரத்தில் இல்லை' என்ற பதில் வருவது இதனால்தான். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பெடுத்துக் கைதான அகஸ்தியன்பள்ளிக்கு ஆண்டுதோறும் ஏப்ரலில் திருச்சியிலிருந்து நினைவு யாத்திரை வருகிறது. அங்கே பேசுபவர்கள் அடுத்த பாத்தியில் நிற்பவர்களின் கூலியைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசலாம்.

கேள்வி: என்னிடம் பைபர் படகு இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் நான் கடலுக்குப் போகலாமா, கூடாதா? போனால் நிவாரணம் கிடைக்காது என்கிறார்கள். தவிர, நடுக்கடலில் வலையையும் ஜிபிஎஸ் கருவியையும் பறிகொடுத்து வருபவர்கள் யாரிடம் சொல்ல வேண்டும்?
– மீனவர், ஆறுகாட்டுத்துறை

பதில்: தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். 2001இல் தொடங்கியபோது 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. இது விசைப்படகுகளுக்கும் இழுவலைப் படகுகளுக்கும் உரிய தடை. கரையோரத்தில் தொழில் செய்யும் நாட்டுப்படகுகளுக்கு விலக்கு உண்டு. இருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் மீன்வளத்துறை வெளியிடும் அறிவிப்பில் உங்கள் படகின் வகையும் குதிரைத்திறனும் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்த்த பின்பே படகை இறக்குங்கள்.

நிவாரணம் படகுக்குத் தரப்படுவதன்று, கடல்மீன்பிடிப்பையே தொழிலாகக் கொண்ட குடும்பத்துக்குத் தரப்படுவது. 5 ஆயிரமாக இருந்த தொகை 8 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். தடைக்காலம் முடிந்தபின் பணம் வந்தால் அந்தக் காலத்துக்கு வாங்கிய கடனுக்குத்தான் அது உதவும். ஏப்ரல் மாதத்திலேயே வங்கிக் கணக்குக்கு வந்தால்தான் அரிசி வாங்க உதவும். இதைத் தவிர சேமிப்பு – நிவாரணத் திட்டம் ஒன்றும் இருக்கிறது: மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மாநில அரசும் ஒன்றிய அரசும் ஆளுக்கு 1,500 சேர்த்து, மீன் குறைவான மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. மீனவ மகளிருக்கும் இதே போன்ற திட்டம் தனியாக உண்டு. உங்கள் வீட்டில் இருவரும் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களா என்று பாருங்கள். மனைவியின் பெயர் சங்கத்தில் இல்லாத வீடுகள் கரை நெடுகிலும் இருக்கின்றன.

உங்கள் வட்டாரத்துக்கு இன்னொரு காலக்கணக்கும் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரையில் சீசன். காலா, வாவல், ஷீலா, நண்டு என்று கடல் கொடுக்கும் அந்த மாதங்களில் மற்ற ஊர்களிலிருந்தும் மீனவர்கள் படகோடு வந்து, கரையில் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள். அதிகாலையில் படகு கரைசேர்ந்ததும் மணலிலேயே ஏலம் நடக்கிறது. ஐஸும் வண்டியும் யார் கையில் இருக்கின்றனவோ அவர் சொன்னதே விலை. முன்பணம் வாங்கிய மீனவர் அந்த வியாபாரிக்குத்தான் மீனைப் போட வேண்டும் என்னும்போது ஏலம் ஒரு சடங்குதான். இந்தக் கரைகளில் பெரிய துறைமுகத்தைவிட, சங்கமே நடத்தும் ஓர் ஐஸ் கிடங்கு கூடுதல் நன்மை செய்யும் என்று நினைக்கிறேன். ஐஸ் கைவசம் இருந்தால் விலை படியாத நாளில் மீனை ஒரு நாளாவது நிறுத்தி வைக்கலாம்.

கடலில் தாக்கப்பட்டாலோ கருவிகள் பறிக்கப்பட்டாலோ கரைக்கு வந்தவுடன் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் புகார் தந்து நகல் வாங்குங்கள். கடலில் இருக்கும்போதே உதவி வேண்டுமானால் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்களைப் பயன்படுத்தலாம். படகின் பதிவு எண், அன்று கடலுக்குச் சென்றவர்களின் பெயர்கள், சம்பவம் நடந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவைகள், இழந்த வலையின் நீளமும் விலையும் ஆகியவை புகாரில் இருக்க வேண்டும். இடத்தைக் குறிப்பிடாத புகாரை, எல்லை தாண்டியதாகச் சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது.

கேள்வி: எங்கள் ஊர்க் கிணற்று நீர் முன்பு இனிப்பாக இருந்தது. இப்போது குளிக்கக்கூட உவர்ப்பாக இருக்கிறது. இறால் குட்டைகள்தாம் காரணமா? கொள்ளிடத் தண்ணீரை நம்பியே இருக்க வேண்டியதுதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், புஷ்பவனம்

பதில்: வேதாரண்யம் பகுதி பழைய கடற்கரை மணல்மேடுகள் வரிசையாக அமைந்த நிலம். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அதை ஊற்றுக்குழி தோண்டிக் குடத்தால் மொண்டவரை நன்னீர் கிடைத்தது. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தபின் அந்தப் படலத்தைத் துளைத்து உறிஞ்சுகிறோம்; மேலே குறையக் குறைய உவர்நீர் மேலேறுகிறது. இறால் குட்டைகள் ஒரு காரணம், அவை மட்டுமே காரணம் அல்ல. கடலிலிருந்தோ உவர்நீர்க் கிணற்றிலிருந்தோ நீரேற்றி மாதக்கணக்கில் தேக்கி வைக்கும் குட்டை, மணல் நிலத்தில் இருந்தால் அக்கம்பக்கத்துக் கிணற்றைக் கெடுக்காமல் இருப்பது அரிது.

இதை எதிர்த்த போராட்டத்துக்கு நாகை மாவட்டமே களம். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பின்னர் 2005இல் வந்த கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற பண்ணைகளே இயங்கலாம். உங்கள் ஊரில் இருக்கும் குட்டைகளுக்குப் பதிவு உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பது முதல் வேலை. பதிவு இல்லாதவை பற்றி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மனுவோடு கிணற்று நீரின் ஆய்வறிக்கையை, கோடையில் ஒன்றும் மழைக்குப்பின் ஒன்றுமாக, இணையுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களில் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம்.

கொள்ளிடத்தைப் பொறுத்தவரை, வெகு தொலைவிலிருந்து குழாய் வழியே தண்ணீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கடைசி முனையில் வேதாரண்யம் இருக்கிறது. வழியில் எங்கே குழாய் உடைந்தாலும், மின்சாரம் நின்றாலும், கோடையில் ஆற்றில் நீர்மட்டம் இறங்கினாலும், முதலில் வறளும் குழாய் கடைசி முனையில் உள்ளதுதான். கஜா புயலுக்குப்பின் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாட்களில் குடிநீருக்குப் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே கொள்ளிடம் வருகிறது என்பதற்காக ஊர்க் குளங்களைக் கைவிடக் கூடாது. மணல்மேட்டில் ஒரு குளம் நிறைந்தால் அதைச் சுற்றியுள்ள கிணறுகள் அடுத்த கோடை வரை தாங்கும். சாக்கடை கலந்த குளம் நிறைந்து பயனில்லை என்பதால், கழிவுநீர் குளத்துக்குள் வராமல் தடுப்பதைத்தான் நகராட்சியிடமும் ஊராட்சியிடமும் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: முல்லைப்பூ விலை சீசனில் படுத்துவிடுகிறது. வாசனைத் திரவியத் தொழிற்சாலை வந்தால் எங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?
– பூ விவசாயி, கருப்பம்புலம்

பதில்: பாதி தீரலாம். முல்லையிலிருந்து எடுக்கும் மெழுகுச் சாறு, மொட்டின் எடையில் சுமார் 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரம் கிலோ மொட்டுக்கு மூன்று கிலோ. ஆலைக்காரர் அந்த மூன்று கிலோவின் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டே பூவுக்கு விலை சொல்வார். அது திருமண முகூர்த்த நாளின் விலையை ஒருபோதும் நெருங்காது. ஆனால் பூ மலிந்து, பறிகூலிக்கும் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடும் நாட்களில் அடிவிலை ஒன்று இருக்கும். அந்த அளவுக்கு ஆலை நல்லது. ஆலையைக் கேட்கும்போதே குறைந்தபட்சக் கொள்முதல் விலையையும், எத்தனை மாதங்களுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் ஒப்பந்தமாகக் கேளுங்கள். இல்லையென்றால் விலை கூடும் நாளில் நீங்கள் ஆலைக்குப் போட மாட்டீர்கள், குறையும் நாளில் அவர்கள் எடுக்க மாட்டார்கள்.

பறிக்கும் பெண்கள் விடியுமுன் நெற்றிவிளக்கோடு கொல்லையில் இறங்குகிறார்கள். பாம்புக்கடிக்கான மருந்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்போதும் இருப்பில் உள்ளதா என்பதையும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: அகஸ்தியன்பள்ளிக்கு மறுபடி ரயில் வந்திருப்பதால் ஊருக்கு என்ன பயன்?
– வாசகர், தோப்புத்துறை

பதில்: திருத்துறைப்பூண்டி – அகஸ்தியன்பள்ளி இடையே 37 கிலோமீட்டர் அகலப்பாதை சுமார் 294 கோடி ரூபாயில் அமைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 8 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ரயில் இல்லாத இடைப்பட்ட ஆண்டுகளில் பேருந்துக்கும் லாரிக்கும் பழகிவிட்ட ஊரில், நாளொன்றுக்கு ஓடும் ரயில்களின் எண்ணிக்கையும் நேரமும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைக்குப் பொருந்தி வந்தாலன்றிக் கூட்டம் ஏறாது. உண்மையான பயன் உப்பில்தான் இருக்கிறது. சரக்குப் பெட்டிகளில் உப்பு ஏற்றும் வசதி முழுமையாக இயங்கினால் லாரி வாடகையில் போகும் காசு இங்கேயே தங்கும். வணிகர் சங்கமும் உப்பு உற்பத்தியாளர் சங்கமும் பயணிகள் ரயிலுக்காக எழுதும் மனுக்களில் பாதியையாவது இதற்காக எழுதலாம்.

கேள்வி: ஆடி, தை அமாவாசைகளுக்கு வேதாரண்யம் கடலில் நீராட இத்தனை கூட்டம் வருகிறதே, நகராட்சிக்கு நல்ல வருமானம் இருக்குமே?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வருமானம் கடைக்காரருக்கும் வாகனக்காரருக்கும். நகராட்சிக்குச் செலவுதான். தற்காலிகக் கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, விளக்கு, மறுநாள் கரையில் கிடக்கும் துணியையும் வாழையிலையையும் அள்ளும் கூலி எல்லாம் அதன் கணக்கில். நீராடியபின் பழந்துணியைக் கடலில் விடாமல் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் துப்புரவுப் பணியாளருக்குப் பெரிய உதவி. அந்தத் துணி மீனவர் வலையிலும் வந்து சிக்குகிறது.

கேள்வி: என் வீடு 580 சதுர அடி. பின்பக்கம் வலையும் ஐஸ் பெட்டியும் வைக்கும் கீற்றுக் கொட்டகையையும் சேர்த்து அளந்து, 640 சதுர அடி என்று சொத்து வரி போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது? (ஊர்ப் பெயர் வேண்டாம்.)
– கடலோர நகராட்சி ஒன்றிலிருந்து

பதில்: அறுபது அடிதானே என்று விட்டுவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டுச் சீராய்வில், சென்னை தவிர்த்த பிற நகர்ப்புறங்களில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் வரி உயர்த்தப்பட்டது. 600 என்ற கோட்டைத் தாண்டியதால் உங்கள் உயர்வு இரட்டிப்பாகியிருக்கிறது.

நகராட்சி ஆணையர் பெயருக்கு மறுஅளவை கோரி மனு எழுதுங்கள். வீட்டின் அளவுகளைக் குறித்த வரைபடம், கொட்டகையின் கூரையும் பக்கங்களும் தெரியும் புகைப்படம், பழைய வரி ரசீது, மின் இணைப்பு வீட்டுக்கான வகையில் உள்ளது என்பதைக் காட்டும் ரசீது ஆகியவற்றை இணைத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கொட்டகையை வணிகப் பயன்பாடு என்று பதிந்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். வணிகத்துக்கு வரி விகிதம் வேறு. முடிவு உங்களுக்கு நிறைவு தராவிட்டால் வரி மேல்முறையீட்டுக் குழுவுக்குச் செல்லலாம்.

மனு நிலுவையில் இருக்கும்போது மறுப்பில்லாத பழைய அளவுக்கான தொகையையாவது கட்டிவிடுவது நல்லது. தாமதமானால் மாதம் 1 விழுக்காடு தண்டம் ஏறும். அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 30க்குள்ளும், கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கழிக்கப்படும். ஏப்ரல் கெடு தடைக்காலம் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் வந்து நிற்பதால், மார்ச் மாதச் சீசன் பணத்திலேயே அதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.